திருஷ்டிக்காக விட்ட டைல்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்பு மகள் கவிநிலாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், எழுத வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். அடிக்கடி போனில் பேசுகிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் குரல் அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிடுகிறேன், நீ பேசப் பேச அவர் முகம் தெளிவதைப் பார்த்துக்கொண்டே கெட்ட சேதி சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. தனியாகப் பேசிவிடலாம் என்று இரண்டு தடவை மாடிக்கு ஏறினேன். உன் குரல் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன், நீயும் நம்பிவிட்டாய். தாளில் எழுதினால் நடுவில் அழுதாலும் உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ரேவதியிடம் கவரில் உன் விலாசத்தை இங்கிலீஷில் எழுதி வாங்கினேன். உள்ளே என்ன அக்கா என்று துருவினாள், மாங்காய்த் தொக்கு செய்முறை என்றேன். அவள் விடுவாளா, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்றாள்.

முதலில் மற்ற சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். கீழ்பென்னாத்தூர் சின்னசாமி சித்தப்பா போன வாரம் வந்து ஒரு மூட்டை மல்லாட்டை போட்டுவிட்டுப் போனார், இந்த வருஷம் கடலை பரவாயில்லையாம், மழைதான் அறுப்பு நேரத்தில் படுத்திவிட்டதாம். அப்பாவைப் பார்த்து, என்ன அண்ணே ஜம்முனு இருக்கீங்க என்று சத்தமாகச் சொன்னார். வாதம் வந்தவருக்குக் காதும் கேட்காது என்று ஏன்தான் எல்லோரும் நினைக்கிறார்களோ. அப்பாவுக்குப் பேச்சு இன்னும் குழறல்தான். வலது கை அப்படியே இருக்கிறது, வலது கால் பெருவிரல் மட்டும் லேசாக அசைகிறது, அதை எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்க வரும் பெண் பெரிய விஷயம் என்கிறாள். எனக்கு முதுகு வலி ஜாஸ்தியாகிவிட்டது, தைலம் தேய்த்துக்கொள்கிறேன், கவலைப்படும்படி இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்காகக் கட்டிய பாத்ரூமையும், அதற்கு நீ கொடுத்த கார்டையும் பற்றித்தான். நீ செய்தது உன் பக்கத்தில் நியாயம், எனக்குத் தெரியும், அதனால் படிக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே, முழுக்கப் படி.

அந்த வேலையைச் செய்த ரசாக் பாயை உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். அப்துல் ரசாக் என்று முழுப் பெயர். மரவேலை, டைல்ஸ், உள்வேலை எல்லாம் எடுத்துச் செய்பவர், தலைமுறை தலைமுறையாக டவுனில் இருக்கும் குடும்பம். நீ ஹாஸ்டல், பெங்களூர், கனடா என்று போன பிறகு, நாங்கள் வேங்கிக்காலுக்குக் குடிவந்த பிறகு கிடைத்த சிநேகம் அவர். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே டாக்டர், ஒரே சர்க்கரை வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று காலையில் இரண்டு பேரும் கிரிவலப் பாதையில் நடப்பார்கள். ஊரெல்லாம் சாமிக்காக நடக்கும் ரோட்டில் இவர்கள் சர்க்கரைக்காக நடந்தார்கள், நடந்து முடித்ததும் டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயும் வடையும் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வீட்டுக்கு வருவார்கள். அதை நான் கண்டுபிடித்துச் சத்தம் போட்டபோது ரசாக் பாய், "அண்ணி, அது டீ இல்ல, நடந்ததுக்குக் கூலி" என்றார். உன் அப்பா இ.பி.யில் இத்தனை வருஷம் வேலை பார்த்தாரே, அத்தனை பேரில் ஒருவரையும் இப்படி வீட்டுக்குள் கூட்டி வந்ததில்லை.

ஆடியில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது உன்னால் வர முடியவில்லை, விசா பேப்பர் மாட்டிக்கொண்டது, அதற்காக நீ போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரியில் எனக்குத் துணையாக வராந்தாவில் படுத்திருந்தவர் ரசாக் பாய்தான். வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவைத் தூக்கிக் குளிக்க வைக்க எனக்கு முதுகு கேட்கவில்லை. ஆள் வைத்துப் பார்த்தேன். அந்நியன் கை பட்டால் உன் அப்பா உடம்பை இறுக்கிக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார், அந்த அவமானத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ரசாக் பாய் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தள்ளுப்பா, எங்க அண்ணனை நான் பாத்துக்கறேன்" என்று அந்த ஆளை அனுப்பிவிட்டார். அதிலிருந்து தினமும் காலையில் அவர்தான். உன்னிடம் குளிப்பாட்ட ஓர் ஆள் வருகிறார் என்று மட்டும்தான் சொல்லிவைத்தேன். உள்ளே தண்ணீர் சத்தமும் அவர் பேச்சும் கேட்கும், வியாபாரக் கதை, பேத்தி கதை, அப்பா கூடக் குழறிக் குழறி ஏதோ சொல்வார், அது எனக்குப் புரியாது, அவருக்குப் புரியும்.

பழைய பாத்ரூமில் படி இருந்தது, வழுக்கியது, வீல்சேர் உள்ளே போகவில்லை. அதை இடித்து, கதவை அகலப்படுத்தி, வாசலில் சரிவு வைத்து, எல்லாம் புதிதாகச் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அம்மா, பெரிய செலவு. யார்கிட்டயும் ரொக்கமா குடுக்காதீங்க. என் கணக்குல உன் பேர்ல ஒரு கார்டு வாங்கிக் குடுத்திருக்கேன்ல, அதுல குடுங்க. வேலையை முடிக்காம ஏமாத்தினா பேங்க்ல கம்ப்ளெயின்ட் போட்டா பணம் திரும்ப வந்துடும், அந்தப் பாதுகாப்பு ரொக்கத்துல கிடையாது" என்றாய். ரசாக் பாயிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கடையில் கார்டு மெஷினே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சும் ரொக்கமும்தான். ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. "பொண்ணு தூரத்துல இருக்குது, பயப்படாதா அண்ணி? நியாயம்தானே" என்று சொல்லிவிட்டு, பேங்க்குக்கு நாலு தடவை அலைந்து, உனக்காகவே அந்த மெஷினை வாங்கினார். முதன்முதலில் அதில் தேய்த்தது நம் கார்டுதான். கொட்டேஷன், பில், கையெழுத்து என்று ஒன்றும் நாங்கள் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சிநேகிதன் வீட்டு வேலைக்கு யார் பத்திரம் எழுதுவார்கள்.

அந்த பாத்ரூமை அவர் எப்படிக் கட்டினார் தெரியுமா. தானே வீல்சேரில் உட்கார்ந்து, தன் வலது கையைத் துண்டால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இடது கை எதுவரை எட்டுகிறது என்று சுவரில் சாக்பீஸ் கோடு போட்டார். குழாய், பிடிகம்பி, சோப்பு வைக்கும் இடம் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் வந்தன. தீபத்துக்கு ரோட்டை அடைத்துவிட்டதால் டைல்ஸ் வண்டி பைபாஸிலேயே நின்றுவிட்டது, அதனால் வேலை தள்ளிப்போயிற்று. கூட்டம் வடிந்த பிறகு ஒரே மூச்சாக முடித்தார். அப்பாவை முதல் தடவை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, அவர் தானே இடது கையால் குழாயைத் திறந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை உனக்குச் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். என் வாயில் ஒன்று நன்றாக இருக்கிறது என்று வந்திருக்கிறதா? நீ ப்ளஸ் டூவில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தபோது தெருவெல்லாம் ஏதோ பாஸாகிவிட்டாள் என்றுதான் சொன்னேன். விசா வந்த பிறகும் நீ விமானம் ஏறும்வரை இன்னும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்ந்தவள் நான். வேலை முடியும் நாளில் ரசாக் பாயிடம், கதவுக்குப் பின்னால் மூலையில் ஒரு டைல் மட்டும் ஒட்டாமல் விடுங்கள், முழுசாக முடித்த இடத்தில் கண் நிற்கும் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி, பாத்ரூமுக்குப் போய் எவன் கண்ணு வெக்கப்போறான்?" என்றார். உங்களுக்குத் தெரியாது பாய், வாதம் வந்தவருக்கு இவ்வளவு வசதியா என்று வைப்பார்கள் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். "டைல் என் கடையில பத்திரமா இருக்கும். உங்க பயம் எப்போ தெளியுதோ அப்போ ஒட்டிக்கலாம்" என்றார்.

அந்த வாரம்தான் நீ வீடியோவில் பாத்ரூமைக் காட்டச் சொன்னாய். ரேவதி கூடவே நின்றுகொண்டிருந்தாள். அவள் நல்லவள்தான், ஆனால் அவள் பார்த்துப் பாராட்டிய துளசிச் செடி மறுவாரம் கருகியது எனக்குத் தெரியும். அவள் காது கேட்க நான், "இன்னாத்த வேலை போ, முடிஞ்ச மாதிரியும் இல்ல, முடியாத மாதிரியும் இல்ல" என்றேன். கதவுக்குப் பின்னால் சிமென்ட் தெரிகிறதே, கேட்டாயா என்றாய். "கேட்டு இன்னா ஆவப்போவுது, அப்படியே கெடக்கட்டும்" என்றேன். இப்போது அதை யோசித்துப் பார்க்கிறேன். ஏமாந்துபோன கிழவி பேசுகிற பேச்சு அப்படியேதான் இருக்கும். பெற்ற மகளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

நம்பரைக் கொடும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். கொடுத்தேன். நன்றி சொல்லத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன், இதுதான் உண்மை. நீ ஒரு வாரம் அடித்தாயாம், அவர் எடுக்கவே இல்லையாம். அவர் எடுக்க மாட்டார் மகளே. வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதீர்கள், எடுத்தால் கணக்கில் இருக்கும் பணம் போய்விடும் என்று இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள், அவர் தெருவிலேயே ஒருவர் அப்படி இழந்திருக்கிறார். நீ இங்கிலீஷில் அனுப்பிய மெசேஜையும் அவர் பயந்துபோய் அழித்துவிட்டார். அவர் உன்னை ஃபிராடு என்று நினைத்து வெட்டிவிட்டார். நீ அவரை ஃபிராடு என்று நினைத்து பேங்க்கில் எழுதிவிட்டாய். நடுவில் நான் ஒருத்தி ஒன்றும் தெரியாமல் அவருக்கு டீ போட்டுக்கொண்டும் உன்னோடு போனில் பேசிக்கொண்டும் இருந்தேன்.

பொங்கல் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. தொழுகை நாளாயிற்றே, நேரமாகியிருக்கும் என்று இருந்தேன். மறுநாளும் வரவில்லை, போன் எடுக்கவில்லை. அப்பா துண்டோடு காத்திருந்தார். உடம்புக்கு ஏதோ என்று நான் பயந்துகொண்டிருக்கையில் நீ போன் செய்தாய். "அம்மா, பாத்தியா, நான் சொன்னேன்ல, முழுப் பணமும் திரும்பி வந்துடுச்சு, அந்த ஆள் ஒரு பதிலும் குடுக்கல, குடுக்க என்ன இருக்கு அவன்கிட்ட" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம், இத்தனை தூரத்திலிருந்து அப்பா அம்மாவுக்கு ஒன்று செய்துவிட்டேன் என்கிற சந்தோஷம். எந்தப் பணம், எந்த ஆள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தபோது உன் அப்பா உன் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சரிம்மா, சரிம்மா என்று வைத்தேன்.

அன்றைக்கே ரேவதியை அப்பாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மெஹ்ருன்னிசா எப்போதும் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நின்றாள். பேங்க் கேட்ட விளக்கம் எல்லாம் மெஷின் கொடுக்கும்போது அவர்களே உண்டாக்கிக் கொடுத்த இமெயிலுக்குப் போயிருக்கிறது, அதை அவர் ஒருநாளும் திறந்ததில்லை, திறந்திருந்தாலும் காட்ட அவரிடம் பில் ஏது. அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். டைல்ஸ் கடைக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. கடைக்காரர் இனிமேல் ரொக்கம் இல்லாமல் சரக்கு இல்லை என்றுவிட்டார். லாட்ஜ் வேலை ஒன்று கைக்கு வந்திருந்தது, அந்த முதலாளி சேதி கேள்விப்பட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் மெஹ்ருன்னிசாதான் சொன்னாள். கடைசியில் ரசாக் பாய், "பணம் போனா போவுது அண்ணி. வேலையை முடிக்காம காசை வாங்கிட்டு ஓடிட்டேன்னு என் பேர்ல எழுதியிருக்குது. எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த ஊர்ல வேலை செய்றோம், ஒருத்தர் இப்படி எழுதினது கிடையாது" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட நான் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன்.

என் வளையலை அடகு வைத்துப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதற்காக நீ என்னைத் திட்டாதே. அவர் தொடவில்லை. "இது நீங்க குடுக்கற காசு. அங்க எழுதினது அப்படியேதானே இருக்கும்" என்றார். பேங்க்குக்குப் போய் நான் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், ஆனால் கார்டு கணக்கு யார் பேரில் இருக்கிறதோ, புகார் யார் போட்டார்களோ அவர்கள் எழுதினால்தான் உண்டு, நீங்கள் எழுதினால் செல்லாது என்றாள். பாத்ரூம் என்னுடையது, குளிப்பவர் என் புருஷன், டைலை விடச் சொன்னது நான், என் எழுத்து செல்லாதாம்.

இதற்குப் பிறகு ஒன்று நடந்தது, அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். ஒரு காலையில் ரசாக் பாய் தானாக வந்தார். எனக்கு உயிர் வந்தது, அடுப்பில் டீக்கு வைத்தேன். அவர் சட்டையைக் கழற்றவில்லை. கையில் அந்த டைலும் ஒரு சிறிய வாளியில் கலவையும். நேராக பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மூலையில் டைலை ஒட்டித் தட்டித் தட்டிச் சரி செய்தார். அந்தத் தட்டும் சத்தம் கேட்டதும் கட்டிலில் இருந்த உன் அப்பாவுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. இடது கையால் பனியனைப் பிடித்து இழுத்துக் கழற்ற ஆரம்பித்தார், பாதி கழன்று தலையில் மாட்டிக்கொண்டது, நான் உதவப் போனால் என்னைத் தள்ளிவிட்டார். குளிப்பாட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் பாவம். ரசாக் பாய் வெளியே வந்து பார்த்தார். பனியனை மெதுவாக எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டார். "அண்ணே, இன்னிக்கு நேரமாயிடுச்சு" என்றார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ரசாக் பாயே விரல் விரலாக எடுத்துவிட்டார்.

வாசல்வரை ஓடினேன். பாய், கோபம் என்மேல் இருக்கட்டும், அவர் என்ன பாவம் செய்தார், அவரைக் குளிக்க மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "கோபம் இல்ல அண்ணி. எனக்குப் பயமாயிருக்குது. நாளைக்கு அவருக்குக் கால் வழுக்கி ஒண்ணு ஆச்சுன்னா, அதையும் நான்தான் பண்ணேன்னு எழுதினா நான் இன்னாத்தைக் காட்டுவேன்?" என்றார். பிறகு, "டைல் ஒட்டியாச்சு. போட்டோ எடுத்துப் பொண்ணுக்கு அனுப்புங்க, வேலை முடிஞ்சுதுன்னு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் போய்விட்டார். அந்தப் போட்டோவை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. கடையில் இருந்த மரம் அறுக்கும் மெஷின்களை விற்கப் பேசிவிட்டார்களாம். நோன்பு முடிந்து ரம்ஜான் கொண்டாடியதும் பெங்களூரில் இருக்கும் மகன் அஜ்மலிடம் போகிறார், அங்கே யாரோ ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்கு. இந்த வயதில்.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நீ செய்தது அவருக்குத் தெரிய வேண்டும். அவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீயும் அந்த மனுஷனும்தான், ஒருவரைக் காட்டிக்கொடுத்து இன்னொருவரைக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். வருத்தம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. போன் எடுக்கவில்லை என்றால் என்னிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் இல்லையா, ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று உன்னைச் சின்ன வயதில் திட்டியது வீண் போகவில்லை. ஆனால் இதையும் எழுதுகிறேன். அப்பா விழுந்தபோது உன்னால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு எங்களுக்குக் காவல் இருக்க உன் கையில் இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான், அதை எடுத்து இருட்டில் வீசினாய், அது யார்மேல் பட்டது என்று உனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் உனக்காகவும் சேர்ந்து அழுகை வருகிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. பேங்க்குக்கு நீயே எழுது, புகார் தவறு, பணத்தை அவருக்கே திருப்பிக் கொடுங்கள் என்று. அவர்கள் காலம் கடந்துவிட்டது என்றாலும் விடாதே, எழுதியதன் நகலை அவருக்கு அனுப்பு, பணம் எப்படியாவது போய்ச் சேரட்டும், அந்தத் தாள் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். அதில் இதை அப்படியே போடு. வேலை முழுசாக முடிந்தது, மிக நன்றாக முடிந்தது, குறை ஒன்றும் இல்லை, விட்ட டைல் வீட்டுக்கார அம்மாள் விடச் சொல்லி விட்டது. என் ஆயுசில் ஒன்றை நன்றாக இருக்கிறது என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கண் பட்டால் படட்டும், பட வேண்டியதெல்லாம் பட்டாயிற்று. பிறகு அவருக்குப் போன் செய். மெஹ்ருன்னிசா இரக்கப்பட்டு உன் நம்பரை அவர் போனில் அப்பா பேரைப் போட்டு, சகாதேவன் பொண்ணு என்று ஏற்றி வைத்திருக்கிறாள். எடுப்பாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. எடுக்காவிட்டால் மறுநாள் அடி, அதற்கு மறுநாளும் அடி, முன்பு செய்தது போல ஒரு வாரத்தில் முடிவு கட்டிவிடாதே. எடுத்தால் இங்கிலீஷ் கலக்காமல் பேசு, மன்னிப்பு என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், எங்க அப்பாவை விட்டுட்டுப் போகாதீங்க என்று கேள்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், சொன்னால் என்மேல் தப்பு என்றே சொல். அவருக்கு என் ஆசீர்வாதம். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, ராத்திரி தயிர் சாப்பிடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவுடன் அப்பா குளிச்சாச்சாம்மா என்று கேட்பாயே, அதை இனிமேல் கேட்காதே. ஆச்சும்மா, ஜம்முனு குளிச்சாரு என்று இத்தனை நாளாக நான் சொன்னதெல்லாம் பொய். கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன், அதற்கும் உடம்பை இறுக்கிக்கொள்கிறார், முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. விடிந்ததும் துண்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், வெயில் ஏறிய பிறகு நான்தான் அதை எடுத்துக் கொடியில் போடுகிறேன், நனையாத துண்டை.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னி